என் பிரிண்டர் பிழையில்லாமல் அடித்த வரி

பொறாமைப்பட எல்லோருக்கும் தோதான ஆள் அமைந்துவிடுவதில்லை. எனக்குக் கல்யாணத்தோடு சேர்ந்தே ஒருவர் கிடைத்தார். மனைவி ஸ்டெல்லாவின் அக்கா கணவர், என் சகலை அமல்.

வெளிநாட்டில் பொறியாளராக இருந்துவிட்டுத் தஞ்சாவூரில் வீடு கட்டி வந்தவர். தங்கமான மனிதர். (அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.) கல்லூரியில் கணிதம் நடத்துபவன் நான். ஆனால் திருக்காட்டுப்பள்ளி மாமனாருக்குக் கணக்கில் எந்தச் சந்தேகம் வந்தாலும் பெரிய மாப்பிள்ளைக்குத்தான் போன் போகும்.

மாமனாரின் கல்யாண நாளுக்கு அமல் இரண்டு பழைய சாமான்களோடு வந்தார். ஒன்று, சமன்பாட்டைக் கொடுத்தால் வரைபடம் போட்டுக் காட்டும் கால்குலேட்டர். இன்னொன்று, ரசீதுத் தாளில் அடிக்கும் குட்டி பிரிண்டர். இரண்டுக்கும் நடுவே ஒயர் கிடையாது. டிவி ரிமோட் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் பேசிக்கொள்ளும். அமல் பொத்தானை அமுக்கியதும் கரகரவென்று ஓர் இதய வடிவம் வெளியே வந்தது. மாமனார் அதை மாதா படத்தின் சட்டத்தில் செருகி வைத்தார். என் கல்யாண போட்டோவே அந்த வீட்டில் பீரோவுக்குள்தான் இருக்கிறது.

இணையத்தில் தேடி நானும் அதே ஜோடியை வாங்கினேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்ததைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். உயிர் வந்தது. ஆனால் அடிக்கச் சொன்ன இதயம் ஈரல் மாதிரி வந்தது. வரிக்கு வரி எதையாவது விழுங்கியது. சோதித்துப் பார்க்க ஒரு வாசகம் வேண்டுமே என்று, இருந்த எரிச்சலில் ஆங்கில எழுத்தில் ‘அமல் ஒழிக’ என்று ஒரு பொத்தானில் பதிந்து வைத்தேன். அதற்கு அடுத்த பொத்தானில் இதயம். ஜன்னலைச் சாத்திய அறையில், கிட்டே வைத்து, நேராகக் காட்டினால் சுமாராக வேலை செய்தது.

அது போதும் என்று ஈஸ்டருக்கு மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது மேஜையில் கடை விரித்தேன். பொத்தானை அமுக்கினால் அசைவில்லை. வாசலில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அங்கே அடித்த வெயில் கதவு வழியாக அப்படியே உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில் பிரிண்டருக்குக் கதிர் தெரியவில்லை என்று புரிந்தது. கதவைச் சாத்தச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றவில்லை. பக்கத்தில் கிடந்த போர்வையை எடுத்து என்னையும் மேஜையையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

“சின்ன மாப்பிள்ளைக்குச் சளி புடிச்சிருக்கா? வெந்நி வெக்கட்டுமா?” என்றார் மாமியார்.

இருட்டில் தடவி அமுக்கினேன். பிரிண்டர் கரகரத்தது. வந்த பெருமிதத்தில், தாளைப் பார்க்காமலே கிழித்து, கையை மட்டும் வெளியே நீட்டி மாமனாரிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக எழுத்துக் கூட்டினார். “அமல்... ஒழிக.”

போர்வைக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே வர ஒரு காரணமும் அகப்படவில்லை.

முதலில் பேசியது அமல்தான். “நல்லாத் தெளிவா விழுந்திருக்கு சகல. ஒரு எழுத்துகூட விட்டுப்போகல.”

சொல்லிவிட்டுப் போர்வையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். பழைய பிரிண்டர் மெதுவாகத்தான் அடிக்கும், அது ஒரு வரியை முடிப்பதற்குள் கால்குலேட்டர் அடுத்ததை அனுப்பிவிடுகிறது, இதயம் மாதிரி நிறைய வரி இருந்தால் நடுவில் சிலது தொலைந்துபோகும் என்று விளக்கினார். வரிக்கு வரி கொஞ்சம் இடைவெளி விடும்படி மாற்றினார். பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வாசல் கதவைச் சாத்தச் சொன்னார். முழு இதயம் வந்தது. அதையும் மாமனார் பெரிய மாப்பிள்ளையின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

நான் அடித்த சீட்டை அமல் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்யக் கொடுத்தார். சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. மெஷினிலிருந்து முழுக்கக் கரியாகத்தான் வந்ததாம். கேட்டதும் எனக்குப் பல வருஷங்களில் இல்லாத சந்தோஷம்.

“அதனால என்ன சகல, புதுசா ஒண்ணு அடிச்சுக்கலாம்” என்றார்.

இப்போது ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சாப்பாடு முடிந்ததும் அத்தனை பேர் முன்னிலையிலும் அந்த வரி அடிக்கப்படுகிறது. அடிப்பது அமல்தான். நான் அமுக்கினால் இன்னமும் இரண்டு எழுத்து குறைகிறது.