ஒற்றுப்பிழை இல்லாத பொய்

சரிபார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகிவிட்டது, கவனித்தீர்களா? கைப்பேசியில் ஓர் அரசியல் தலைவரின் படமும் அதற்குக் கீழே ரத்தம் கொதிக்கிற மாதிரி நாலு வரியும் வந்து விழுந்தால், நீங்களும் நானும் "அடப்பாவி!" என்று அலறிவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவோம். இவர்கள் அப்படியில்லை. நிதானஸ்தர்கள். ஒருவர் படத்தின் மூலையில் டிவிக்காரனின் முத்திரை கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். இன்னொருவர் தலைவரின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த முழி முழிக்கிறவன் இதையும் சொல்வான், இதுக்கு மேலயும் சொல்வான்" என்று தீர்ப்பெழுதுவார். வேறொருவர் தமக்குப் பிடிக்காத கட்சி என்றால் ஒரு நொடியிலும், பிடித்த கட்சி என்றால் ஒரு வாரத்திலும் சோதனையை முடிப்பார். எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்த ஆள் அப்படிச் சொன்னாரா என்பதைத் தவிர.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். எங்கே எந்த க், ச், த், ப் விட்டுப்போயிருக்கிறது என்று உளவு பார்த்துக்கொண்டே இருப்பதால் அவருக்கு ஒற்றர் என்று பெயர். மருந்துக்கடைப் பலகை, லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு, மருமகள் கொடுக்கும் கடைச் சீட்டு, எதுவும் அவருடைய சிவப்புப் பேனாவுக்குத் தப்பாது.

"'உப்பு பாக்கெட்'னு எழுதக் கூடாதும்மா. 'உப்புப் பாக்கெட்'."

"நீங்க எப்படி வேணாலும் எழுதிக்குங்க மாமா. வாங்கிட்டு வந்தாச் சரி."

அன்றைக்கு அவர் உப்பு வாங்காமல்தான் வந்தார். சீட்டில் மட்டும் பிழையே கிடையாது.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் யார் எதைப் போட்டாலும் ஒற்றர் எடுத்துத் திருத்தி, கீழே "சரிபார்த்தேன்" என்று முத்திரை வைத்துத் திரும்பப் போடுவார். அச்சகத்தில் அந்தச் சொல்லுக்கு எழுத்தைப் பார்த்தேன் என்று அர்த்தம். தெருவில் என்ன அர்த்தம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு படம் வந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் அக்காவின் சிரித்த முகம். கீழே அவர் சொன்னதாக ஒரு வரி: "வாடகைக்கு குடியிருக்கிற நாடோடி கும்பலுக்கு தெரு குழாயில் தன்ணீர் கிடையாது." எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள். ஆனாலும் யாரும் சட்டை செய்யவில்லை. தண்ணீரையே ஒழுங்காக எழுதத் தெரியாத எவனோ கிளப்பி விட்டது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

ஒற்றருக்குத் தாங்குமா? நாலு ஒற்றைப் போட்டார். தண்ணீரைத் தண்ணீராக்கினார். புதிதாக ஒரு படம் செய்து, "சரிபார்த்தேன்" என்று அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார். இப்போது அது அரசாங்க உத்தரவு மாதிரி கம்பீரமாக இருந்தது. "ஒற்றரே பார்த்துட்டாராம்ல!" என்று படம் வீடு வீடாகப் பறந்தது. ஏன் மறைக்க வேண்டும், என் பங்குக்கு நானும் ஆபீஸ் குழுவுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் எழுபது எண்பது பேர். "எங்களையா நாடோடிங்கிற?" என்று கூச்சல். எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. ஜன்னலைச் சாத்தப் போன அவர் கணவருக்கு நெற்றியில் ஆறு தையல்.

நேராக ஒற்றரிடம் ஓடினேன்.

"ஐயா, அந்தக்கா நிஜமாவே அப்படிச் சொன்னாங்களா?"

"அதை நான் எங்க தம்பி பார்த்தேன்? எழுத்தைத்தானே பார்த்தேன்!"

மனுஷன் நடிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது.

மறுநாள் காலை நான் ஒற்றர் வீட்டில் இருந்தபோது அக்காவே அங்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"பதவி வேணாம்னு எழுதியிருக்கேன் ஐயா. அவர் நெத்தியைப் பார்த்தப்புறம் என்னால முடியல. இதையும் நீங்களே சரிபார்த்துக் குடுத்துடுங்க."

அக்கா தாளை நீட்டினார்.

"குழாய்ல தண்ணி வரலைன்னா விடியறதுக்குள்ள பத்து பேர் எனக்கு ஃபோன் பண்றீங்க. நேத்து ஒருத்தருக்குமா என் நம்பர் ஞாபகம் வரல?"

ஒற்றர் தாளை வாங்கினார். கண் கலங்கியது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என் விலகலை ஏற்று கொள்ளவும்" என்ற வரிக்கு வந்ததும், ஐயோ, அந்தக் கை சட்டைப்பைக்குப் போனது. சிவப்புப் பேனா வெளியே வந்தது. ஒரு க் போட்டார்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் வார்டுக்கு ஆள் இல்லை. வாடகை வீடு, சொந்த வீடு என்ற பேதமில்லாமல் எல்லாக் குழாயிலும் காற்றுதான் வருகிறது.

ஒற்றரை நினைத்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு சின்ன விசாரணை. அந்தக் கடித வரியைப் படித்தபோது, ஆறு தையல் போட்ட மனிதர் எப்படியிருக்கிறார் என்று நினைத்தீர்களா, அல்லது "ஆமாம், அங்கே க் வரணுமே" என்று நினைத்தீர்களா? க் என்றால் வெட்கப்படாமல் வாருங்கள். ஒற்றருக்கு ஒரு பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு பக்கம் உங்களுக்குத்தான்.