ஹாலில் மாட்டிய மூடி

மதுரைப் பக்கம் 'மிஷின் மீட்பர்' என்றொரு இனம் பெருகி வருகிறது, கவனித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கறிக்கடையில் நிற்கும் நேரத்தில் அவர் சமயநல்லூரில் பழைய இரும்புக் கடையில் நிற்பார். துருவேறி, மழையில் நனைந்து, எடைக்குப் போகக் காத்திருக்கும் மர இழைப்பு மிஷின் ஒன்றைத் தடவிக் கொடுத்து, "இதுக்கு இன்னும் உசுரு இருக்குண்ணே" என்பார். கடைக்காரர் ஏன் மறுக்கப் போகிறார்?

பசுமலை சிவபாண்டி அந்த இனத்தில் உயர்ந்த ரகம். வேலை இன்சூரன்ஸ் ஆபீசில். ஊருக்கெல்லாம் விபத்துப் பாலிசி போட்டுக் கொடுப்பவர். ஷெட்டில் நின்ற காரைத் தெருவுக்கு விரட்டிவிட்டு அந்த இடத்தில் அப்படியொரு இழைப்பு மிஷினை இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் துருவை ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பேரிங் மாற்றி, கிரீஸ் வைத்து, மனைவியின் நல்ல சேலை ஒன்றால் துடைத்து, கரும்பச்சைப் பெயிண்ட் அடித்தார். எல்லாம் சரி. ஒன்றை மட்டும் திரும்ப மாட்டவில்லை. ஓடுகிற பெல்ட்டில் கை படாமல் மறைக்கும் வார்ப்பிரும்பு மூடி. அதில் பழைய கம்பெனியின் பெயர் புடைத்த எழுத்தில் இருந்தது. எழுத்துக்குத் தங்க நிறம் பூசி, அதை ஹால் சுவரில் மாட்டிவிட்டார்.

"மூடியப் போட்டுட்டு ஓட்டுங்களேன்" என்றார் மனைவி சரண்யாதேவி.

"போட்டா பெல்ட்டு ஓடுறது தெரியாதே. அதுதான அழகு."

"கை?"

"பூசை போட்டுத்தான ஓட்டப் போறேன். நம்மள ஒண்ணும் செய்யாது."

ஆயுத பூஜையும் வந்தது. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, இருபுறமும் வாழைக்கன்று. ஆபத்து அண்டாமலிருக்க ஓர் எலுமிச்சம்பழம், அதுவும் மூடியை மாட்டவேண்டிய போல்ட்டிலேயே. தெருவே திரண்டிருந்தது, நானும் சுண்டலுக்காகப் போயிருந்தேன். சரண்யாதேவி மட்டும் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். அவருக்குப் புருஷனின் வலது கை முழுசாக வேண்டும், அவ்வளவுதான். சிவபாண்டிக்கோ ஓடுகிற மிஷினுக்குத்தான் சூடம் காட்டவேண்டும் என்று பிடிவாதம். பட்டு வேட்டி, தோளில் பட்டுத் துண்டு, கையில் தட்டு. ஓடவிட்டார், குனிந்தார், துண்டின் நுனி பெல்ட்டுக்குள் போனது.

தட்டு பறந்தது. அவரும் இழுபட்டு முட்டி தரையில் மோத விழுந்தார். சரண்யாதேவி மெயினை இறக்கினார். துண்டு தோளிலிருந்து உருவிக்கொண்டு போனதால் கை தப்பியது. மனிதர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தீங்களா, பழைய பெல்ட்டு. எம்புட்டுப் பிடி."

சரண்யாதேவி ஹாலுக்குப் போய் மூடியை எடுத்து வந்து, தப்பித்த அந்தக் கையிலேயே திணித்தார்.

"மாட்டுங்க. மாட்டிட்டுச் சாப்புட வாங்க."

மாட்டினார். காலியான ஆணியில் இப்போது கிழிந்த பட்டுத் துண்டு தொங்குகிறது. வருகிறவர்களுக்கு அதன் வரலாற்றையும் பெருமையாகச் சொல்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதே நாளில் உங்கள் பைக்குக்கும் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தானே எடுத்தீர்கள்? ஹெல்மெட் எங்கே? கைப்பிடிக் கண்ணாடியில் ஆடுகிறதா, கீறல் விழாமல் வீட்டு ஆணியில் பத்திரமாக இருக்கிறதா? ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பஸ்ஸும் லாரியும் பாயும் காளவாசல் முக்கில் மெயின் சுவிட்ச் பக்கத்தில் உங்களுக்காக யாரும் நிற்கவில்லை.