ஓட்டாத காருக்கு ஒரு பொட்டு

வண்டி வாங்கிய எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்: ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே அதன் விலை இறங்க ஆரம்பித்துவிடும். என் ஸ்கூட்டரை விற்கப் போனபோது கடையில் கேட்ட விலைக்கு ஒரு நல்ல ஹெல்மெட்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட எனக்கு, சும்மா நிற்க நிற்க விலை ஏறுகிற கார் ஒன்று உலகத்தில் உண்டு என்பது தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. அந்த விலையை என் கையாலேயே, சந்தனம் குங்குமத்தோடு, பக்தியாக இறக்கி வைத்தேன்.

எனக்கு வீடு மர்பி டவுனில். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் இருக்கும் கிரண் சாருக்கு டிரைவர் வேலை. அவரிடம் மூன்று கார்கள். இரண்டை நான் ஓட்டுவேன். மூன்றாவதை யாருமே ஓட்ட மாட்டோம். என் இடுப்பு உயரம்கூட வராத அது, பேஸ்மெண்டில் போர்வை போர்த்திக்கொண்டு, பேட்டரி சார்ஜர் ஒயரோடு, குளுக்கோஸ் ஏறுகிற நோயாளி மாதிரி படுத்திருக்கும். சீட், ஸ்டியரிங், கதவு எல்லாவற்றிலும் கம்பெனியில் ஒட்டின பிளாஸ்டிக் அப்படியே இருக்கும்.

"உலகத்துலயே கொஞ்ச வண்டிதான் செஞ்சாங்க ஏழுமலை. இனிமே செய்ய மாட்டாங்க. கை படாம, ஓடாம இருந்தா வருஷா வருஷம் வெலை ஏறும்" என்று சார் ஒருமுறை விளக்கினார்.

"அப்ப எப்ப சார் ஓட்றது?"

"ஓட்டவே கூடாது. அதான் விஷயம்."

எனக்கு மனசு ஆறவில்லை. முருகனுக்கு மயில் இருக்கிறது, பிள்ளையாருக்கு மூஞ்சூறு இருக்கிறது. உறை போட்டு மூலையிலா நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? (இதை சாரிடம் சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பவர் அவர்.)

ஆயுத பூஜை வந்தது. சார் குடும்பத்தோடு ரயிலில் மைசூர் போயிருந்தார். மறுநாள் விஜயதசமிக்கு மும்பையிலிருந்து ஒருவர் அந்தக் காரை வாங்க வருவதாகப் பேச்சு. அது விற்றால்தான் சாரின் புதுக் கம்பெனி நிலைத்து நிற்கும். கம்பெனி நின்றால்தான் என் வேலை நிற்கும். சார் போன் செய்தார்: "எல்லா வண்டிக்கும் பூஜை போட்டுடுங்க ஏழுமலை. நாளைக்கு நல்லபடியா முடியணும்."

பூ, பூசணிக்காய், எலுமிச்சம்பழத்தோடு என் மனைவி கஸ்தூரியும் உதவிக்கு வந்தாள். இரண்டு கார்களுக்கு முடிந்ததும் மூன்றாவதைப் பார்த்தாள்.

"இதுக்கு என்னங்க, ஜொரமா? இப்டி போத்திக்கினு கெடக்குது?"

"இதுக்கும் போடணும்."

"தொடவே கூடாதுன்னு சொன்னாருன்னீங்க?"

"எல்லா வண்டிக்கும்னு சொன்னாரு. இது என்ன, கட்டிலா?"

போர்வையை எடுத்தேன். கவர் மேல் பொட்டு வைத்தால் புண்ணியம் கவருக்குத்தானே போகும் என்று பிளாஸ்டிக்கை எல்லாம் அழகாக உரித்தேன். கஸ்தூரி மடித்து மடித்துப் பையில் வைத்தாள். பானெட்டில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், ஸ்டியரிங்கில் சந்தனம், மூக்கில் சாமந்தி மாலை. முன்னால் பூசணிக்காயை உடைத்ததில் குங்குமத் தண்ணீர் கதவுவரை தெறித்தது. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை.

எலுமிச்சை வைத்தால் மிதித்தாக வேண்டுமே! முருகா என்று ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். அது உறுமிய உறுமலில் பேஸ்மெண்டில் நின்ற அத்தனை கார்களும் அலறத் தொடங்கின. செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். எலுமிச்சை நசுங்கியது. ஆனால் ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் தூணைச் சுற்றி, லிஃப்டைச் சுற்றி, மொத்த பேஸ்மெண்டையும் பிரதட்சிணம் செய்து பழைய இடத்துக்கு வந்தேன். பெருமையோடு ஒரு போட்டோ எடுத்து சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது.

"அய்யோ தேவரே! ஏனு மாடித்ரி ஏழுமலை! என்ன செஞ்சீங்க? பிளாஸ்டிக் எங்க?"

"பத்திரமா இருக்கு சார். மடிச்சு வெச்சிருக்கோம்."

"ஓட்னீங்களா? மீட்டர் பாருங்க!"

பார்த்தேன். ஒரு கிலோமீட்டர் கூடியிருந்தது. சொன்னேன். சார் போனை வைத்துவிட்டார்.

அப்புறம் ரிவர்ஸைத் தேடிக் கண்டுபிடித்தேன். பின்பக்கமாகவே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன்.

"பின்னாடி போனா மீட்டர் எறங்குமாங்க?" என்றாள் கஸ்தூரி.

"ஏறினது எறங்காதா?"

இறங்கவில்லை.

பிளாஸ்டிக்கைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டலாம் என்றாள். நானும் ஒரு கணம் யோசித்தேன். (பயம் வந்தால் அறிவு போய்விடும்.)

மறுநாள் காலையிலேயே சார் மைசூரிலிருந்து வந்துவிட்டார். மும்பைக்காரர் கையுறை, டார்ச் லைட்டோடு வந்தார். விடிய விடிய நான் துடைத்தும் கதவு இடுக்கில் குங்குமம் இருந்தது. டயரிலிருந்து ஓர் எலுமிச்சை விதையை எடுத்து, போலீஸ்காரர் துப்பாக்கிக் குண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சீட்டைத் தடவிவிட்டு, கார் கன்னி கழிந்துவிட்டது என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பிறகு விலையைக் குறைத்தார். குறைத்ததில் எங்கள் தெருவையே வாங்கலாம். நான் தூணுக்குப் பின்னால் நின்று, வேலை போனால் ஆட்டோ ஓட்டலாமா என்று முருகனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சார் குறைந்த விலைக்கு சரி என்று கைகொடுத்தார். கம்பெனிக்கு அது போதும் என்றார். பிறகு திடீரென்று கதவைத் திறந்தார்.

"வெலை எப்டியும் கொறைஞ்சாச்சு. ஏறுங்க ஏழுமலை!"

தன் சொந்தக் காரை அவர் ஓட்டியது அன்றைக்குத்தான். மும்பைக்காரர் கையுறையோடு பின்னால் ஓடி வந்தார். "இந்த ரவுண்டுக்கு இன்னும் எவ்ளோ கொறைப்பீங்க?" என்று சார் ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். இறங்கும்போது அந்தப் பள்ளமான சீட்டிலிருந்து என்னால் எழவே முடியவில்லை. செக்யூரிட்டியும் சாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

வேலை போகவில்லை. இப்போது ஆயுத பூஜைக்கு முன்பு, எந்தெந்த வண்டி என்று சார் நம்பர் பிளேட்டோடு சொல்லிவிடுகிறார்.

அந்தப் பிளாஸ்டிக்கை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு சாமி அலமாரியில், விளக்கின் எண்ணெய் படாமலிருக்க விரித்திருக்கிறோம். மர்பி டவுனிலேயே விலை உயர்ந்த பிளாஸ்டிக் அதுதான். திரி போட நான் கையை நீட்டினால் போதும், அடுப்படியிலிருந்து கஸ்தூரியின் குரல் வரும்:

"கை வெக்காதீங்க. வெலை கொறைஞ்சிடும்!"