தைலம் மணந்த கோழிக்குழம்பு

வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலையில் இறங்குகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அப்படி நிறுத்தி, சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

நீலகிரி மலையில், கேத்தியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கேரட் மூட்டை போட்டுவைக்கும் கொட்டகையில் பிராய்லர் கோழி வளர்த்தேன். (கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?) மருந்து கிடையாது, எல்லாம் இயற்கை என்பது என் கொள்கை. தீவனத்தில் மஞ்சள்தூள், மலைப்பூண்டு, வேப்பிலை எல்லாம் கலந்தேன். பாவம், கோழிகளும் எதிர்ப்புச் சொல்லாமல் தின்றன.

மழையும் மூடுபனியும் சேர்ந்து வந்தபோது அவை தும்ம ஆரம்பித்தன. செல்போனில் தேடினேன். குடிக்கிற தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம் ஒரு துளி விடலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. தலைவலி, மூட்டுவலி, மூக்கடைப்பு எதற்கும் தைலத்தைத் தேய்த்தே வளர்ந்த நீலகிரிக்காரனுக்குத் தைலத்தைப் பற்றி இன்னொருவர் பாடம் எடுப்பதா? ஒரு துளி என்றது ஒரு மூடியானது. தண்ணீர் போதாதென்று தீவனத்திலும் பிசைந்தேன். தும்மல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தங்கை கவிதாவுக்கு மேட்டுப்பாளையம் மாப்பிள்ளை அமைந்தார். பெயர் செந்தில். கோயிலில் வைத்துப் பார்த்தார்கள், இருவருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை, வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுவிட்டார். எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்மதம் என்று அர்த்தம். இஷ்டமில்லை என்றால் சாப்பிடாமலே எழுந்துவிடுவார்கள்.

"கறி கடையில வாங்கிக்கலாம் கண்ணு" என்றார் எங்கள் அம்மா. நான் விடவில்லை. என் கோழிதான் என்று நின்றேன். ஒரு மாதமாகக் கொட்டகை வாசத்தில் ஊறிப்போன எங்கள் குடும்ப மூக்குகள், குழம்பு கொதித்தபோதும் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார, இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா சோற்றைப் பிசையக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏனுங்க, இதென்னங்க, நெஞ்சுல தேய்க்கற வாசம் வருது?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இயற்கை முறைங்க! தைலம் குடுத்து வளர்த்தது. சளிக்கு ரொம்ப நல்லதுங்க" என்றேன்.

"நாங்க சளிக்கு வைத்தியம் பாக்க வரலீங்களே தம்பி."

அவர் இலையைத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். எங்கள் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கோழியே வெந்திருக்கும். சமையலறைக் கதவோரம் கவிதா கண்ணில் நீர் முட்ட நின்றிருந்தாள். எத்தனையோ வரன்களுக்குத் தலையாட்டாதவள், முதல் தடவையாக ஆசைப்பட்டவள்.

எல்லோரும் கையை எடுத்துவிட்ட பந்தியில் ஒருவர் மட்டும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். செந்தில்.

"டேய், நிறுத்துடா" என்றார் அவர் அம்மா.

"எனக்கு மூக்கடைப்பும்மா. ஒரு வாசமும் தெரியல. ருசியாத்தான் இருக்குது." என்னைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, "கை நனைச்சாச்சு. இனி என்ன பண்றது?" என்றார். அவருடைய அப்பா வெடித்துச் சிரித்துவிட்டார். செந்திலின் அம்மா ரசம் சோற்றோடு சம்மதித்தார்.

அன்று சாயங்காலம் வீடியோவின் மிச்சத்தைப் பார்த்தேன். கோழி பிடிப்பதற்குச் சில நாள் முன்பே தைலத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கறியில் வாசம் ஏறும் என்று அந்த மனிதர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது, "நல்லவேளை மாப்ள, அன்னிக்கு உங்களுக்கு மூக்கடைப்பு" என்றேன். கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கேதுங்க மச்சான் மூக்கடைப்பு? பஸ் ஸ்டாப்புல எறங்கறப்பவே உங்க கோழி வாசம் வந்துருச்சு" என்றார் அவர்.

இப்போதும் அவர்களுக்குள் சண்டை வந்தால், அவர் நீண்ட வாதமெல்லாம் செய்வதில்லை. "உங்கண்ணன் கோழிய ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னவன் நான்" என்பார். அதோடு சண்டை முடிந்துவிடும்.