ஹெரால்டு நிழல் கொண்ட படலம்

வாழ்க சுப்புராயன்! திருநாவலூர்க் கரும்புக்கொல்லைக் காவலன், தன்னைப் பெற்ற கம்பெனி கதவடைத்துப் பல்லாண்டு கழிந்தும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் என்னும் வெண்புரவியின் ஒரே பாகன் வாழ்க! இவன் புகழ் பாட ஊரில் வேறு ஒருவரும் முன்வராத காரணத்தால், அந்தச் சுப்புராயனாகிய நானே பாடத் துணிந்தேன்.

அத்தேரின் அருமையை என்னென்பேன்! மாட்டுவண்டி மலைக்கும் சந்தில் ஒரே வட்டத்தில் திரும்பும். பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பின்சக்கரம் இரண்டும் பாகம் பிரிந்த அண்ணன் தம்பிபோல் தனித்தனியே குலுங்கும். இவற்றை இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சோற்றுவேளைதோறும் கேட்டுச் சலித்த என் இல்லாள் பெரியநாயகி, கள்ளக்குறிச்சிக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்று சூளுரைத்தாள்.

"இன்னிக்கி மட்டும் வண்டி மக்கர் பண்ணுச்சின்னா நாளைக்கே காயலாங்கடைதாங்க. சொல்லிட்டேன்."

அந்தச் சூளுக்கு அஞ்சாமல் புரவியைக் கிளப்பினேன்.

மண்டபத்து மதிலோரம், வேம்பின் கீழ், எஞ்சியிருந்ததோ ஒரே ஒரு நிழல். அதைக் குறிவைத்து வந்தான் பெரியநாயகியின் அண்ணன் மகன் அஜித்குமார், பின்னால் இருப்பதைத் திரையில் காட்டும் புதுக்காரோடு. அவன் முன்னும் பின்னும் நகர்ந்து கோணம் பார்த்த இமைப்பொழுதில், கரியாலூர் மலைப்பாதைக் கொண்டையூசி வளைவுகளில் பயின்ற என் கரங்கள் காளையின் கொம்பைப் பற்றியதுபோல் ஸ்டியரிங்கை ஒடிக்க, ஒரே வட்டத்தில் உட்புகுந்து, மதிலை முட்ட முட்ட நிறுத்தி வாகை சூடினேன்.

"இன்னா மாமா, எடத்த புடிச்சிட்டீங்களே! செரி, நான் ஒங்க பின்னாலயே வுட்டுக்கறேன்."

வெற்றி போதாதென்று முகப்பு விளக்குகளையும் எரியவிட்டு, அவற்றை அணைக்க மறந்து, பந்தியில் இரண்டாம் முறையும் பாயசம் கேட்டு வாங்கி உண்டேன்.

திரும்பி வந்து சாவியைத் திருகினேன். முனகல்கூட இல்லை. பேட்டரி உயிர்நீத்திருந்தது. அது இருப்பதோ பானெட்டுக்குள். பானெட் சாய்வதோ முன்புறம். முன்புறம் நிற்பதோ மதில். உலகுக்கெல்லாம் நான் பறைசாற்றிய அதிசயமே என்னைக் கட்டிப்போட்டது. பின்னுக்குத் தள்ளலாமென்றால் முன்னே ஆள் நுழைய இடமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முடிவில் அஜித்குமார் தன் காரில் கயிறு பூட்டி, அந்தத் திரையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, என் புரவியை வாலைப் பிடித்து இழுத்தான். "மாமா, ஹேண்ட்பிரேக்க எடுங்க!" என்ற அவன் முழக்கம் போர்முரசென மண்டபமெங்கும் அதிர, மணமக்களும் போட்டோவை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

பெரியநாயகி அஜித்குமாரிடம் போய், "தம்பி, காயலாங்கடைக்காரரு நம்பரு ஏதாச்சும் கீதா?" என்று கேட்டாள்.

அவனிடம் இருந்தது.