கைவிடாத முதலாளி

திருநெல்வேலி ஜில்லாவில் தருமம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள், வண்ணார்பேட்டையில் சிவசண்முகம் பிள்ளையவர்களின் பருத்தி அரவை மில்லை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அங்கே மிஷின்களுக்கு வேளை தவறாமல் எண்ணெய் கிடைக்கும்.

அந்த மிஷின் ஒன்றில்தான் முத்துமாலையின் வலது கை சிக்கியது. விரல்கள் போயின. பிள்ளையவர்கள் பதறி ஓடிவந்தார். "ரத்தம் பட்ட பஞ்சைத் தனியா எடுங்கலே!" என்று கட்டளையிட்டார். எந்த ஆபத்திலும் நிதானம் இழக்காத மனிதர்.

முத்துமாலையின் மனைவி சுடலைவடிவு அதே மில்லில் பஞ்சு பொறுக்குகிறவள். காய்ச்சலில் பிதற்றும் புருஷனை அண்டை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, முதலாளி நல்லவர் என்று ஊரே சொல்கிறதே என்ற தைரியத்தில் ஓடிவந்தாள்.

ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியின் படத்துக்குக் கீழே "விசாரணைக் கமிட்டி" கூடியது. பிள்ளையவர்கள் தலைவர். அங்கத்தினர்கள் அத்தனை பேரும் அவருடைய மைத்துனர், வக்கீல் திருஞானசம்பந்தம் பிள்ளை ஒருவரே.

"மிஷின் நின்ன இடத்துலதான் நின்னுது. கைதான் அதைத் தேடிப் போயிருக்கு. ஆகையால மிஷின் நிரபராதி" என்றார் வக்கீல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அத்தான், சீமையில ஒரு சட்டம் இருக்கு. வேலையில அடிபட்டா முதலாளி நஷ்டஈடு குடுக்கணுமாம்."

பிள்ளையவர்களுக்கு வியர்த்தது. "இங்கனயுமா?"

"சேச்சே! அது இன்னும் கப்பல் ஏறல."

பிள்ளையவர்கள் முருகனை நினைத்துத் திருநீறு பூசிக்கொண்டார்.

"ஐயா, கையத் தின்ன மிசினு மட்டும் அதே சீமையிலருந்து கப்பல்ல வந்துட்டே?" என்றாள் சுடலைவடிவு.

கமிட்டி இந்தக் கேள்வியை "விஷயத்துக்குப் புறம்பானது" என்று தள்ளுபடி செய்தது.

"நஷ்டம் கிஷ்டம் நாங் கேக்கல ஐயா. அவுகளுக்கு உடம்பு அனலாக் கொதிக்கி. கஞ்சி ஊட்ட ஆளில்ல. காயம் ஆறுத மட்டும் எனக்கு லீவு குடுங்க. பொறவு வேலைக்குச் சேத்துக்கிடுங்க, அது போதும்."

"அடிபட்டது அவன். லீவு உனக்கு எதுக்குட்டி?" பிள்ளையவர்களுக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆனாலும் மனம் இளகியது. "பயப்படாத. நான் யாரையும் கைவிடமாட்டேன். நாளையிலருந்து அவன் மிஷின்ல நீ நில்லு. உனக்குத்தான் ரெண்டு கையும் இருக்குல்லா?"

சுடலைவடிவு திரும்பி அந்த மிஷினைப் பார்த்தாள். கழுவித் துடைத்து, திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள்.

"மாட்டேன் ஐயா. இப்பம் எங்க ரெண்டு பேத்துக்கும் சேத்து இருக்கது இந்தக் கைதான்."

கமிட்டி மறுபடியும் கூடியது; அதாவது, பிள்ளையவர்கள் மைத்துனர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தீர்ப்பு உடனே வந்தது. காவல்காரன் சுடலைவடிவைப் பைய வெளியே கொண்டுவிட்டு, கேட்டைச் சாத்தினான்.

வீட்டில் முத்துமாலை கண் விழித்துக் கிடந்தான். "லீவு கிடைச்சுதாட்டி?"

அவள் கஞ்சியை ஆற்றி அவன் வாயில் ஊட்டினாள்.

"தாராளமாக் குடுத்துட்டாக. நம்ம ரெண்டு பேத்துக்கும், சாகுத மட்டும்."