இடது சுவிட்ச் மேல் குற்றமில்லை

பெண்டிகோ,
ஞாயிறு காலை

மதிப்புக்குரிய க்ளைவ் அத்தான் அவர்களுக்கு,

நெவில் எழுதுவது. நீங்களும் ஹெதர் அக்காவும் நலமென்று நம்புகிறேன். நான் நலமில்லை. காருக்குப் பின்னால் மாட்டும் என் டிரெய்லரை நீங்கள் இரவல் கொண்டுபோய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதைப் பற்றி எழுத இது நேரமில்லை என்பதால் எழுதவில்லை. செவ்வாய் காலை பத்து மணிக்கு பீர் ஆலையில் என்மீது விசாரணை. வேலையே போகலாம். தொழிற்சங்கப் பிரதிநிதியான நீங்கள்தான் எனக்காகப் பேச வேண்டும். ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆலையின் எல்லாத் தகவலும் இரண்டு பெரிய வட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. எந்தக் கணினி எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்பதை நடுவிலுள்ள சுவிட்ச் தீர்மானிக்கும். சுவிட்சில் நாங்கள் வகுக்கும் குழுவுக்கு ஸோன் என்று பெயர்; ஒரே ஸோனில் சேர்த்தவை ஒன்றையொன்று பார்க்கும். வெளியே விட்ட கணினிக்குப் பெட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒன்று படுத்தால் மற்றது தாங்கட்டும் என்று இரண்டு சுவிட்ச். இடது என் பொறுப்பு. வலது ரசல் க்ராப் பொறுப்பு. கிறிஸ்துமஸ் குலுக்கலில் நான் எடுத்துக் கொடுத்த சீட்டில் முழுப் பன்றித்தொடை ஹாம் ஜெயித்து, ஒரு துண்டு தராமல் வீட்டுக்குத் தூக்கிப்போன அதே ரசல். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஸோனில் கை வைப்பவர் மற்றவருக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது விதி. வரவேற்பறை லொரெய்ன் மூலம் சொல்லியனுப்புவோம். அவர் நீண்டகாலச் சேவை விடுப்பில் மூன்று மாதம் போய்விட்டார். ஆலை எங்களுக்கு வேறொரு லொரெய்ன் கொடுத்ததா? இல்லை.

வெள்ளிக்கிழமை நான் செய்தது வெறும் சோதனை. லேபிள் ஒட்டும் கணினியை என் பக்க ஸோனிலிருந்து நீக்கினேன். ரசல் ஒழுங்காக வேலை செய்திருந்தால் வலது பாதையில் எல்லாம் ஓடும். இல்லையென்றால் அவன் லட்சணம் வெளியே தெரியும். அந்த மனுஷன் அதே பத்தரை மணிக்கு, அதே கணினியை, என்னைச் சோதிக்கத் தன் பக்கத்திலிருந்து நீக்கினால் அதற்கு நானா பொறுப்பு? எல்லோரும் தேநீர் இடைவேளையில் இருந்தார்கள். கணினிக்கு வட்டு தெரியவில்லை. ஆனால் நிற்காமல், நினைவில் கடைசியாக இருந்த லேபிளையே நாலாயிரம் புட்டிகளில் ஒட்டித் தள்ளிவிட்டது. அது யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்காக முந்தின நாள் அடித்தது.

“மார்ஜுக்கு அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகளாம்! யாருப்பா இந்த மார்ஜ்?” என்று மேலாளர் டீட்ரி புட்டியோடு சுவிட்ச் அறைக்குள் வந்தார்.

“அவரை மொதல்ல திரும்பச் சேக்கச் சொல்லுங்க, டீட்ரி. அப்புறம் நான் சேக்கறேன்” என்றேன்.

“மொதல்ல எடுத்தவரு மொதல்ல சேக்கட்டும்னு சொல்லுங்க” என்றான் ரசல், சுவரைப் பார்த்து.

“நெவில், ரசல் என்ன சொல்றாருன்னா…”

“எனக்குக் காது நல்லா கேக்கும். கேக்கலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கும் அம்பது தாண்டியாச்சு. வெக்கமா இல்ல?”

“எனக்கு நாப்பத்தொம்போதுதான்” என்றான் ரசல். பொய். ஐம்பத்திரண்டு.

இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் சரக்கு சனிக்கிழமை ஆட்டத்துக்காகக் கால்பந்து மைதானத்துக்கு லாரியில் போய்விட்டது.

ஆகவே செவ்வாயன்று நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: நெவில் அப்பாவி, முழுப் பழியும் வலது சுவிட்சையே சேரும். ரசல் என்ற பெயரை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லவும். அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு, அக்காவின் கணவர் என்ற அளவில், மரியாதை. கடிதத்தை நானே வந்து உங்கள் தபால்பெட்டியில் போடுகிறேன். மணி அடிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
நெவில் ட்ரஸ்காட்

பி.கு.: உறையை ஒட்டும்போது டீட்ரி ஃபோன் செய்தார். நேற்று பாதி ஆட்டத்துக்குள் நாலாயிரம் புட்டியும் தீர்ந்துவிட்டதாம். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று, முன்பின் தெரியாத மார்ஜுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியதாம். கடைக்காரர்கள் மார்ஜ் பீர்தான் வேண்டுமென்று நிற்கிறார்களாம். விசாரணை ரத்து. செவ்வாய் பத்து மணிக்கு, அதே அறையில், இந்த யோசனைக்குச் சொந்தக்காரருக்குப் பாராட்டு. எனவே மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். ரசல் எதையும் நீக்கவில்லை. அவனுக்கு நீக்கத் தெரியாது. எல்லாம் நான் ஒருவனே திட்டமிட்டுச் செய்தது. தான் ஒருவனே செய்ததாக அவனும் டீட்ரியிடம் சொல்லியிருக்கிறானாம். ஒருவன் மட்டும் நீக்கியிருந்தால் எதுவுமே நடந்திருக்காது என்பது ஆலையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லமாட்டேன். அவனும் சொல்லமாட்டான்.